இரும்பு ராசன் கொளஞ்சியப்பன்

கல்வராயன் மலைக்கு மேலே தெரியும் நட்சத்திரங்களில் பாதியை நான் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். மீதிப் பாதி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். சரி, இதில் கொஞ்சம் ஜோடனை இருக்கிறது. எனக்குப் பெயர் தெரிந்தவை ஏழெட்டுத் தேறும். அவற்றில் ஒன்றுகூட இதுநாள் வரை என்னிடம் வாய் திறந்ததில்லை. அந்தக் காலத்தில் பௌதிகம் படித்துப் பட்டம் வாங்கினேன் என்பது மட்டும் கலப்படமில்லாத உண்மை. ஆனால் கச்சிராயபாளையம் கொளஞ்சியப்பனைப் பற்றிச் சொல்ல ஜோடனையே வேண்டாம். அவருக்கு நடந்ததை நடந்தபடி சொன்னாலே, 'இந்தக் கிழவி புளுகுகிறாள்' என்று ஊர் சொல்லும்.

கொளஞ்சியப்பனுக்குக் கரும்பு வெட்டு வேலை. கோமுகி அணைத் தண்ணீர் பாய்கிற வயல்களில் அவர் அரிவாள் படாத கரும்பு குறைவு. வெட்டு இல்லாத மாதங்களில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கப் போவார். கோயில்களில் பாரதக் கூத்து தொடங்கிவிட்டால் இருசப்பன் வாத்தியாரின் கூத்துக் குழுவில், எங்கள் பேச்சில் ஜமாவில், கட்டியக்காரன். ராஜா வருவதற்கு முன்னால் ஓடிவந்து பராக் சொல்லி, வந்த ராஜாவை 'யாரு நீ, எந்த ஊரு' என்று குறுக்குக் கேள்வி கேட்டு, ஜனங்களைச் சிரிக்க வைக்கிற வேஷம் அது. முப்பது வருஷமாக அதே வேஷம். ரிஷிவந்தியத்திலிருந்து நைனார்பாளையம் வரைக்கும் அவரைப் பார்த்துச் சிரிக்காத குழந்தை கிடையாது.

வினை அங்கேதான் இருந்தது. வேஷத்தைக் கலைத்த பிறகும் ஊர் சிரிப்பை நிறுத்தவில்லை. மாமனார் செத்த அன்று, "மாமா, எங்களை வுட்டுட்டுப் போயிட்டியே" என்று ஒரே ஒரு குரல்தான் கொடுத்தார். பாடை கட்டிக்கொண்டிருந்தவர்கள் மூங்கிலைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். ஒரு மழைக்காலத்தில் அணை வாய்க்காலில் வழுக்கி விழுந்து, "யப்பா, காப்பாத்துங்க" என்று கத்தினார். கரையில் துணி துவைத்தவர்கள் கைதட்டி, இன்னொரு தரம் விழச் சொன்னார்கள். மகள் இலக்கியாவைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், "எங்க பொண்ணு நல்லா சமைக்குமுங்க" என்றார். வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலேயே சம்பந்தம் நிச்சயமானது என்பது வேறு விஷயம்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஆசை எங்கே இருந்தது தெரியுமா? கிரீடத்தில். எங்கள் பக்கத்துக் கூத்தில் ராஜா வேஷத்தைக் கட்டை வேஷம் என்போம். முள்ளுமுருங்கை மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டு பதித்த கிரீடம், தோளுக்கு ஒன்று, மார்புக்கு ஒன்று என்று மரக்கட்டைகளைக் கட்டிக்கொள்வார்கள். இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். திரைக்குப் பின்னால் நின்று முதல் பாட்டைப் பாடிவிட்டுத்தான் ராஜா முகம் காட்டுவார். அந்த ஒரு நிமிஷம் கூத்துக் களரியே மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்கும்.

ஒவ்வொரு வருஷமும் கொளஞ்சியப்பன் வாத்தியாரிடம் கேட்பார். வாத்தியார் ஒவ்வொரு வருஷமும் ஒரே பதில்தான் சொல்வார்.

"கொளஞ்சி, நீ திரைக்குப் பின்னால நின்னுக்கினு இருமினாலே சனம் சிரிக்கும். துரியோதனனா வந்து தொடையில அடிபட்டு வுழுந்தீன்னு வை, 'எழுந்து இன்னொரு தபா வுழு'ன்னு விசில் அடிப்பாங்க. என் ஜமா மானம் இன்னா ஆவறது?"

"ஒரே ஒரு தபா வாத்தியாரே. நான் நிக்கறதைப் பாத்து சனம் சிரிக்காம இருக்கணும். ஒரு தபா போதும். அப்பறம் காலத்துக்கும் உனக்குப் பராக் சொல்லிக்கினு கெடக்கறேன்."

"சிரிக்காம இருக்கணும்னா அவங்கள்லாம் தூங்கணும்" என்று வாத்தியார் பேச்சை முடித்துவிடுவார்.

இந்த நிலைமையில்தான் என் பேத்தி சந்தியா உள்ளே வந்தாள். அவள் அரசுப் பள்ளியில் அறிவியல் டீச்சர். பள்ளியில் அறிவியல் கண்காட்சி வந்தது. எல்லாரும் தெர்மாகோலில் எரிமலை செய்வார்கள், இவளுக்கு அது பிடிக்காது. நட்சத்திரத்துக்குள்ளே தனிமங்கள் எப்படி உண்டாகின்றன என்பதைக் கூத்தாகப் போட்டால் என்ன என்று கேட்டாள். பாட்டை எழுதித் தருகிறேன் என்று நான் சொன்னேன். இரண்டு பேருமாக இருசப்பன் வாத்தியார் வீட்டுக்குப் போனோம். முற்றத்தில் ஜமா ஆட்கள் உட்கார்ந்து கட்டைகளுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். கொளஞ்சியப்பனும் இருந்தார்.

"நட்சத்திரம்னா ஒரு அடுப்பு வாத்தியாரே" என்று சந்தியா ஆரம்பித்தாள். "ஆனா தன்னோட சாம்பலையே திரும்ப விறகா வச்சு எரிக்கிற அடுப்பு."

"சாம்பல் எரியுமா?"

"சூடு பத்துற அளவுக்கு ஏறினா எரியும். முதல்ல எரியறது ஹைட்ரஜன். அது சேர்ந்து ஹீலியமா ஆகும். அதுதான் சாம்பல். நடுவுல நெருக்கம் ஏறி, சூடும் ஏறினதும் ஹீலியம் பத்திக்கும். அது கரியாவும் ஆக்சிஜனாவும் ஆகும். கரி எரிஞ்சா நியான், மெக்னீசியம். இப்படியே போயி ஆக்சிஜன் எரிஞ்சா சிலிகான். சிலிகான் எரிஞ்சா இரும்பு. நம்ம சூரியன் கரியோட நின்னுடும். இதைவிட ரொம்பப் பெரிய நட்சத்திரம்தான் இரும்பு வரைக்கும் போகும்."

"எதுக்கும்மா இப்படி எரிஞ்சுக்கினே இருக்கணும்? அணைஞ்சாதான் இன்னா?"

"அதோட எடையே அதை உள்ளே இழுத்துக்கிட்டு இருக்கு. எரியற சூடு வெளியே தள்ளுது. தள்ளுறது நின்னா மொத்தமும் உள்ளே விழுந்துடும்."

வாத்தியாருக்கு விஷயம் சட்டென்று பிடிபட்டது, அவருக்குத் தெரிந்த வழியில். "அப்ப நட்சத்திர மகாராசா தர்பார்ல நிக்கறார். ஒவ்வொருத்தனா திரை தள்ளினு வந்து ராசாவுக்குச் சூடு குடுக்கறான். சரிதானா? கடைசித் திரை யாருது?"

"இரும்போடது."

வாத்தியார் மீசையைத் தடவிக்கொண்டார். கூத்தில் கடைசியாகத் திரை தள்ளி வருகிறவன்தான் எல்லாரையும்விடப் பெரியவன். அது எங்கள் பக்கத்துச் சட்டம். "இரும்பு ராசா நான்தான். எழுதிக்கோ."

"ஆனா இரும்பு சூடு கொடுக்காது வாத்தியாரே. இரும்பு வந்ததும் ராஜா செத்துடுவார்."

வாத்தியார் கையிலிருந்த பசையைத் துடைத்தார்.

"நான் வந்து நின்னதும் ராசா சாவணுமா? இன்னாம்மா இது, மூதேவி வேஷம்? வேணாம், வேணாம். தங்கம் இல்லியா? தங்க ராசா வேஷம் குடு."

"தங்கம் இந்த அடுப்புல வேகாது. செத்த நட்சத்திரம் ரெண்டு ஒண்ணோட ஒண்ணு மோதினாதான் அது ஜாஸ்தியாக் கிடைக்கும்."

"செத்ததுங்க எங்கியாவது மோதுமா?"

"ஏன் வாத்தியாரே," என்றேன் நான். "நம்ம ஊர்ப் பங்காளிங்க வரப்புத் தகராறு செத்தா நின்னுடுதா என்ன?"

எல்லாரும் சிரித்தார்கள். வாத்தியார் நட்சத்திர மகாராஜா வேஷத்தை எடுத்துக்கொண்டார். இரும்புக்கு ஆள் இல்லை. தரித்திரம் பிடித்த வேஷத்தை யார் கட்டுவார்கள்? அப்போது மூலையிலிருந்து குரல் வந்தது.

"டீச்சர், அந்த இரும்புக்குக் கிரீடம் உண்டா?"

"உண்டு கொளஞ்சிண்ணே."

"திரை?"

"கடைசித் திரை."

"அப்ப மூதேவி நான்தான்" என்றார் கொளஞ்சியப்பன். மறுக்க வாத்தியாரிடம் வேறு ஆள் இல்லை.

பிறகு ஒரு சிக்கல். கொளஞ்சியப்பன் ராஜாவானால் கட்டியக்காரன் யார்? அவர் மனைவி ஆயம்மாள் அந்த நேரம் அவரைச் சாப்பிடக் கூப்பிட வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"நான் கட்டறேன்" என்றாள். "இத்தினி வருசமா இந்தாளு வூட்ல கத்திக்கினு கெடந்ததுல மொத்த பாடமும் எனக்கு மனப்பாடம். இவரைக் கேள்வி கேக்கறதுக்கு எனக்கு ஒத்திகையும் தேவையில்ல."

ஒத்திகை பள்ளி மைதானத்தில் நடந்தது. வாத்தியார் ஒரு பெரிய சண்டை போட்டார். கூத்து சாவோடு முடியக் கூடாது, மங்களம் பாடித்தான் முடிக்க வேண்டும். அதனால் ராஜாவை எழுப்பிப் பட்டம் கட்டிவிடலாம் என்றார். செத்த நட்சத்திரம் எழுந்திருக்காது என்று சந்தியா ஒற்றைக் காலில் நின்றாள். கடைசியில் அவளே வழி சொன்னாள். நட்சத்திரத்தின் நடு அமுங்கிப் போனதும் வெளியில் இருப்பதெல்லாம் வெடித்துச் சிதறும். அது வரைக்கும் வெந்ததும், வெடிப்பில் புதிதாக உண்டானதும் வெளியில் தூவப்படும். அந்தத் தூசியிலிருந்துதான் அடுத்த நட்சத்திரமும், மண்ணும், மலையும், நம் எலும்பும் ரத்தமும். "அதனால மங்களத்தை ராஜாவுக்குப் பாடாதீங்க. உட்கார்ந்து பாக்கறவங்களுக்குப் பாடுங்க" என்றாள். வாத்தியார், "தட்டுல கற்பூரம் உண்டுன்னா சரி" என்றார்.

சூட்டைக் காட்டத் தீப்பந்தம் கொளுத்தத் தலைமையாசிரியர் விடவில்லை. அதனால் சிவப்புத் துணி. ஹைட்ரஜன் பல லட்சம் வருஷம் எரிவதால் அதற்குப் பெரிய சிவப்புப் புடவை. ஹீலியத்துக்கு வேட்டி நீளம். கரிக்குத் துண்டு. ஆக்சிஜனுக்குக் கைக்குட்டை. சிலிகான் ஏறக்குறைய ஒரே நாளில் எரிந்து தீர்ந்துவிடும். அதற்குச் சடையில் கட்டுகிற ரிப்பன். கல்யாண வீட்டு முதல் பந்தி சாவகாசமாகச் சாப்பிடுவதும் கடைசிப் பந்தி எழுவதற்குள் இலை எடுப்பதும் போல என்று பிள்ளைகளுக்கு விளக்கினேன். மத்தளக்காரரின் இரண்டு மகன்கள் ஈர்ப்பு விசை. வாத்தியாரின் தோளை இரண்டு பக்கமும் அழுத்துவது அவர்கள் வேலை. கையில் சிவப்புத் துணி இருக்கும் வரைக்கும் ராஜா அசையக் கூடாது.

எல்லாம் ஒழுங்காக வந்தது, கடைசித் திரை வரைக்கும். கொளஞ்சியப்பன் வாயைத் திறந்து, 'இரும்பு ராசன் வந்தேனே' என்று பாடியதும் பிள்ளைகள் சிரித்தார்கள். அடுத்த நாளும் சிரித்தார்கள். மூன்றாம் நாள் சந்தியாவே முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். ராஜா விழுகிற இடத்தில் சிரிப்பு வந்தால் கூத்தே கெட்டது. வாத்தியார் என்னிடம் ரகசியமாக, "அன்னிக்கும் இப்டியே ஆனா நான் சீக்கிரம் செத்துடறேன் பெரிம்மா, நீங்க மங்களத்தை ஆரம்பிச்சுடுங்க" என்று சொல்லி வைத்தார்.

கொளஞ்சியப்பனுக்கும் அது தெரியும். ஒத்திகை முடிந்து எல்லாரும் போன பிறகு சந்தியாவிடம் வந்தார்.

"டீச்சர், அந்த இரும்பு ஏன் சூடு குடுக்கறது இல்ல? திமிரா?"

"திமிர் இல்லண்ணே. மத்ததெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேர்றப்ப கொஞ்சம் சூடு மிஞ்சும். அதுதான் வெளியே வருது. இரும்பு ஏற்கெனவே இறுக்கிக் கட்டின மூட்டை. இதுக்கு மேல அதைச் சேர்க்கணும்னா நாமதான் சூடு போடணும். அது வாங்கிக்குமே தவிர கொடுக்காது."

"அப்ப அதும் மேல தப்பு இல்ல. கேக்கறாங்க, அதுகிட்ட இல்ல."

"அவ்வளவுதான்."

"இதுக்கு ஒத்திகை வேற" என்றாள், அவரை வீட்டுக்கு அழைத்துப் போக நின்றிருந்த ஆயம்மாள். "வூட்ல தெனம் அந்த வேஷம்தானே கட்டிக்கினு இருக்க."

கண்காட்சி அன்று மத்தியானம் மைதானம் நிறைந்துவிட்டது. மலையிலிருந்து வெள்ளிமலை பஸ்ஸில் வந்தவர்கள்கூட இருந்தார்கள். புங்க மரத்தடியில் களரி. ஆயம்மாள் கோமாளிக் குல்லாயோடு ஓடி வந்ததும் பெண்கள் பக்கம் ஒரே ஆரவாரம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பேர் சேர்ந்து ஹைட்ரஜனாகத் திரை தள்ளி வந்தார்கள். என் பாட்டு:

எடையில் இளையவன் நானே – அண்டம்
எங்கும் நிறைந்தவன் நானே
அடுப்பில் விறகாக வந்தேனே – நட்சத்திர
அரசன் சபைக்கு வந்தேனே!

"இத்தினி பேரும் ஒரே ஆளா?" என்றாள் ஆயம்மாள். "ரேசன் கார்டுல பேரு கம்மியா இருக்கப் போவுது, பாத்துக்குங்க." ஹீலியம் வந்தது. கரி வந்தது, முகமெல்லாம் மை பூசிக்கொண்டு. "யோவ் கரி, அடுப்பாண்ட இருக்க வேண்டிய ஆளு அரமனையில இன்னா பண்ற?" துணி ஒவ்வொரு தரமும் குட்டையாகிக்கொண்டே வந்தது. ஈர்ப்பு விசைகள் இரண்டும் தோளை அழுத்த, வாத்தியார் நிமிர்ந்து நின்றார். சிலிகான் ரிப்பனைக் கொடுத்துவிட்டுப் போனது.

கடைசித் திரை. திரைக்குக் கீழே சலங்கை கட்டிய இரண்டு கால்கள் தெரிந்தன. வலது கால் கட்டைவிரலில் கரும்பு வெட்டிய பழைய தழும்பு. முன்வரிசையில் யாரோ, "டேய், அது கொளஞ்சிடா" என்றார்கள். சிரிப்பு கிளம்பிவிட்டது.

"யாருய்யா அது, திரைக்குப் பின்னால?" என்றாள் ஆயம்மாள்.

பாட்டு வர வேண்டும். வந்தது என்ன தெரியுமா? "ராஜாதி ராஜ, ராஜ மார்த்தாண்ட, இரும்பு மகாராசா வர்றார், பராக், பராக்!" முப்பது வருஷப் பழக்கம். யாருக்குத் திரை பிடித்தாலும் பராக் சொல்வது அவர் வாய்தானே. தனக்குத் தானே பராக் சொல்லிக்கொண்டுவிட்டார்.

மைதானம் அதிர்ந்தது. சந்தியா தலையில் கை வைத்துக்கொண்டாள். திரை பிடித்தவர்கள் பயந்து திரையை இறக்கிவிட்டார்கள். கிரீடமும் கட்டையுமாகக் கொளஞ்சியப்பன் நின்றார். மத்தளம் அவருடைய பாட்டுக்காகக் காத்திருந்தது. பாட்டு மறந்துவிட்டது. அவர் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது, ஒரு சொல்கூட மிச்சமில்லை. மத்தளமும் நின்றுவிட்டது. ஆர்மோனியக்காரர் கையை எடுத்துவிட்டார்.

அவர் வாயைத் திறக்கவில்லை. சிரித்தவர்கள் அடுத்த சிரிப்புக்காகக் காத்திருந்தார்கள். அது வரவில்லை.

வாத்தியார் எத்தனை களரி பார்த்தவர். ராஜாவாகவே ஒரு கையை நீட்டினார். "இரும்பு ராசனே, எனக்கு இன்னா கொண்டாந்த? குடு."

கொளஞ்சியப்பன் தன் இரண்டு கைகளையும் பார்த்தார். பிறகு விரித்துக் காட்டினார்.

"ஒண்ணுமே இல்லியா?"

தலையை மெல்ல ஆட்டினார். பிடிமானத்துக்கு எதையாவது பிடிக்க வேண்டும் போல இருந்திருக்கும். ராஜாவின் கையில் மிச்சமிருந்த அந்தச் சிவப்பு ரிப்பனைப் பிடித்தார். அது அவர் கையோடு வந்துவிட்டது. இதை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. என் பக்கத்தில் சந்தியா, "ஆயா, வாங்கிக்கிட்டாரு பாருங்க, வாங்கிக்கிட்டாரு" என்று என் முழங்கையைக் கிள்ளினாள்.

ரிப்பன் போன கையை வாத்தியார் ஒரு தரம் பார்த்தார். ஈர்ப்பு விசைகள் அழுத்தின. முழங்கால் மடங்கியது. நட்சத்திர மகாராஜா மண்ணில் விழுந்தார். அத்தனை பெரிய கூட்டத்தில் ஒருவர் சிரிக்கவில்லை. ஒரு குழந்தை அம்மாவிடம், "அவரு வேணும்னே செய்யலம்மா" என்று சொன்னது எனக்குக் கேட்டது. ஆயம்மாள் குல்லாயைக் கழற்றிக் கையில் பிடித்தபடி ஜனங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. புருஷனை அந்தக் கோலத்தில் பார்த்துவிட்டு அந்தப் பெண் அழுதாள். எனக்கும் கண் கலங்கியது.

பிறகு மத்தளம் இடியாக இறங்கியது. பிள்ளைகள் எல்லாரும் நாலா பக்கமும் வெடித்து ஓடி, ஜனங்களுக்குள் புகுந்தார்கள். மங்களம் தொடங்கியது. கற்பூரத் தட்டை எடுத்துக்கொண்டு போவது கடைசித் திரை தள்ளியவருக்கு உரிய வேலை. கொளஞ்சியப்பன் தட்டோடு வரிசை வரிசையாக நடந்தார். வாய்க்கால் கரையில் கைதட்டியவர்கள்கூடக் கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அவருடைய பெரியம்மா லட்சுமியம்மாள், வயதானவள், "நல்லா இரு சாமி" என்று கும்பிட்டாள். எந்தச் சாமி என்று அவளுக்கு விளங்கியிருக்காது.

அப்போதுதான் அவர் வாயைத் திறந்தார். "என்னைக் கும்புட்டு இன்னா பெரிம்மா ஆவப்போவுது? எங்கிட்ட சூடே கெடையாது. இந்தக் கற்பூரத்துல இருக்கறதை எடுத்துக்க."

மைதானம் மறுபடி சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

அடுத்த பருவத்துக்கு வாத்தியார் தானாகவே ஒரு சின்ன ராஜா வேஷம் கொடுக்க வந்தார். "ஒரு தபா போதும்னு சொன்னேனே வாத்தியாரே" என்று கொளஞ்சியப்பன் குல்லாயை மாட்டிக்கொண்டு பராக் சொல்லப் போய்விட்டார். இப்போதும் அவர் பேசினால் ஊர் சிரிக்கிறது. அவருக்கு அது உறுத்தவில்லை.

இதையெல்லாம் எழுதி முடித்து, ஒரு சாயங்காலம் அவர்கள் வீட்டில் போய் வாசித்துக் காட்டினேன். கொளஞ்சியப்பன் தலையைக் குனிந்து மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். ஆயம்மாள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரைக்கும் கேட்டாள்.

"எல்லாம் சரி பெரிம்மா" என்றாள். "ஒரே ஒரு எடத்துல மட்டும் மாத்தி எழுதுங்க. நான் அழுவல. சிரிச்சேன். சிரிப்பு தாங்காம குல்லாயை வாயில அடைச்சிக்கினு திரும்பி நின்னேன். இந்தாளு கிரீடத்தை முன்பின்னா மாட்டிக்கினு வந்து நின்னாரு. கண்ணாடி வச்ச பக்கம் மொத்தமும் முதுகுல!"